ரேவா காரில் போட்ட பேட்டரிக்கு வாரண்டி தர மறுப்பது குறித்து

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
தலைமை அலுவலகம், சென்னை.

ஐயா,

வணக்கம். பெங்களூரில் ஒரு பழைய ரேவா மின்சார கார் வைத்திருக்கிறேன். அதற்காகத் தங்கள் 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி எட்டை ஒரே பில்லில் வாங்கி, முன் சீட்டுகளுக்கு அடியில் மாட்டினோம். வாரண்டி முடிவதற்குள் ஒன்று படுத்துவிட்டது. ஆசிட்டின் அடர்த்தியை வைத்துச் சார்ஜ் அளக்கும் ஹைட்ரோமீட்டரில் அதன் நடு செல் 1.120-க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. மற்ற ஏழும் 1.250-ஐத் தாண்டி நிற்கின்றன. எட்டையும் தொடராக இணைத்து 48 வோல்ட் எடுக்கிற வண்டி இது. ஒன்று சோர்ந்தால் மொத்தமும் போச்சு என்று பேட்டரி செய்கிற உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

உதவி எண்ணில் பேசியவர், கம்ப்யூட்டர் பட்டியலில் ரேவாவே இல்லை என்றார். "அந்தக் கம்பெனியே இப்ப இல்லையே சார், பேசாம காயலான் கடையில போட்டுடுங்க" என்று சிரித்தார். பக்கத்தில் இன்னொருவரும் சேர்ந்து சிரித்தது கேட்டது. 1994-ல் தொடங்கி, 2001-ல் காரை விற்பனைக்கு விட்டு, ஜி-விஸ் என்ற பெயரில் லண்டன் தெருக்களிலும் ஓடவிட்ட கம்பெனி அது. 2010-ல் மஹிந்திரா கைக்குப் போனது. சரி, இன்று அது இல்லை. அதற்கும் என் பில்லுக்கும் என்ன சம்பந்தம்? வாரண்டி கொடுத்தது நீங்கள். எந்தக் கார் என்று கேட்டு பில்லில் எழுதியதும் உங்கள் டீலர்தான்.

சர்வீஸ் சென்டர் கதை அதற்கும் முந்தையது. சீட்டைக் கழற்றி, ஆள் வைத்துத் தூக்கி, ஆட்டோவில் கொண்டுபோனேன். காலையில் வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் "ஃபுல் சார்ஜ் பண்ணி எடுத்துட்டு வாங்க" என்று திருப்பித் தந்தார்கள். சார்ஜ் ஏறவில்லை என்பதுதானே ஐயா புகாரே! ஆசிட் கசிந்து ஆட்டோ சீட் பொத்துப்போனதற்கும் நான்தான் தண்டம் அழுதேன். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவில்லை என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். கார் நின்றதில் என் பிழைப்பே பாழாகிவிட்டது.

தயவுசெய்து அதே ரகத்தில் புதிய பேட்டரி ஒன்றை மாற்றித் தாருங்கள். யாரோ திருப்பிக் கொடுத்ததைச் சார்ஜ் ஏற்றி என் தலையில் கட்ட வேண்டாம். சிரித்தவர் மன்னிப்பும் கேட்க வேண்டும். அழைப்பு பதிவாகிறது என்று உங்கள் இயந்திரமே சொல்கிறது, போட்டுக் கேளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எட்டு பேட்டரிக்கும் மன உளைச்சலுக்கும் சேர்த்தே கேட்பேன்.

பில், வாரண்டி அட்டை, ஹைட்ரோமீட்டர் படங்கள் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர், பெங்களூர்