இறாலுக்கு 19 ஜோடி

கடலூர் முதுநகர்,
ஜூன், ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போட முடியாமல் அலைச்சல். பேத்திக்குக் காது குத்து நல்லபடி முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். பெஞ்சல் புயலில் உன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து புத்தக அலமாரி நனைந்துபோனதைப் போன முறை எழுதியிருந்தாய். எது தப்பித்தது, எது போயிற்று என்று இந்த முறையும் எழுதவில்லை. அதைக் கேட்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். முட்டிவலி அப்படியேதான். வெயில் இறங்கி கடல்காத்து வந்தால்தான் திண்ணையில் உட்கார முடிகிறது. இதையும் அங்கேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு, இன்னும் எதுக்குடா இருளர் குடியிருப்பு, சான்றிதழ்னு ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கறே?" என்று கேட்டிருந்தாய். நீ அக்கறையில்தான் கேட்டாய், தெரியும். இந்த ஒரு மாதம் நான் யாருக்காக அலைந்தேன் என்று சொன்னால் உனக்கே புரியும்.

கிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு இருளர் குடியிருப்பு. அங்கே ஒரு பொண்ணு இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பயாலஜி குரூப், 600-க்கு 431. அந்தக் குடியிருப்பில் பிளஸ் டூவை எட்டிய மூன்றாவது ஆள் அவள்தான். அதில் சயின்ஸ் எடுத்தது அவள் ஒருத்தி மட்டும். அவளுடைய ஆயா இன்னமும் பிச்சாவரம் வாய்க்கால்களில் கையால் இறால் பிடிக்கிறவள். நீ அதைப் பார்த்திருக்கிறாயா? மார்பளவு தண்ணீரில் முட்டிபோட்டு உட்கார்ந்தபடியே நகர்வார்கள். இரண்டு கையும் சேற்றைத் துழாவும். சிக்கிய இறால் பனையோலைப் பறிக்குள் போகும். கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியின் வாயைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். அந்த ஆயாவுக்கு முன்பல் நான்கும் தேய்ந்திருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அந்தப் பொண்ணுக்கும் அந்த வேலை தெரியும். எந்தப் பிறையில் தண்ணீர் எவ்வளவு ஏறும், எவ்வளவு வத்தும், தோலுரித்த நண்டு எந்தப் பொந்தில் ஒதுங்கியிருக்கும், சுரபுன்னை வேருக்கடியில் என்ன மீன் குஞ்சு இருக்கும், தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் என்ன செய்யணும், எல்லாம் கேட்ட மாத்திரத்தில் சொல்கிறாள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே அந்த மரத்தால்தான் என்று நாம் இலக்கியத்தில் படித்தோம். அவள் அந்த மரத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் வந்தாள். வெள்ளாற்றுக்கு அந்தக் கரையில், பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அவள் குடிசையிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும் தூரம். "சார், அங்க என்ன படிக்கறாங்க?" என்று ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டவள். "நீ உன் ஆயாகிட்ட படிக்கறதைத்தான் அங்க பேர் வச்சுப் படிக்கறாங்க" என்றேன். அன்றிலிருந்து அவளுக்கு விலங்கியல்தான்.

மார்க் இருக்கிறது, ஆசை இருக்கிறது, அரசுக் கல்லூரி இருக்கிறது. பழங்குடி என்பதற்கான சாதிச் சான்றிதழ்தான் இல்லை.

தமிழ்நாட்டில் பிற வகுப்பாருக்கு வட்டாட்சியர் அலுவலக மட்டத்திலேயே சான்றிதழ் முடிந்துவிடும். பழங்குடிக்கான எஸ்.டி. சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். போலிச் சான்றிதழ் வாங்கி அவர்கள் இடத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்ட கதைகள் உண்டு என்பதால் அந்த ஏற்பாடு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விசாரணை நடக்கும் விதத்தைப் பார். முதலில் அப்பாவுடைய சான்றிதழைக் கேட்கிறார்கள். அப்பா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர், அவருக்கு எதற்குச் சான்றிதழ் இருந்திருக்கும்? சரி, நேரில் விசாரிக்கலாம் என்று ஒருவர் வந்தார். "பாம்பு பிடிப்பியா? எலி பிடிப்பியா?" என்று இந்தப் பதினேழு வயசுப் பொண்ணிடம் கேட்டார். "இறால் பிடிப்பேன் சார்" என்றாள். அவர் அவளையும், மடித்துப் போட்ட துப்பட்டாவையும், கையிலிருந்த மார்க் ஷீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இவ்ளோ தெளிவா பேசுது, இருளர் மாதிரி தெரியலையே" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. படிக்காமல் இருந்தால்தான் இருளர் என்று நம்புவோம், இருளர் என்று நம்பினால்தான் படிக்க இடம் தருவோம் என்றால் அந்தப் பிள்ளை எந்த வாசல் வழியாகத்தான் உள்ளே நுழையும்?

உங்கள் ஊர்க் கதையும் இதுதானே. பெண்ணையாற்றுக்கு இந்தக் கரையில் இருக்கிற இருளர் பழங்குடி. அந்தக் கரையில், புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம், அதே சனம், அதே கொடுக்கல் வாங்கல், ஆனால் எந்தப் பட்டியலிலும் பழங்குடி இல்லை. 2016 டிசம்பரில்தான் புதுச்சேரிக்கென்று முதல் முறையாகப் பழங்குடிப் பட்டியல் அறிவிக்கப்பட்டு, வில்லி, வேட்டைக்காரர் உட்பட இருளர் அதில் சேர்ந்தார்கள். பிரெஞ்சுக்காரன் போய் அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அங்கே ஒரு பழங்குடிகூட இல்லை என்றுதான் காகிதம் சொல்லிக்கொண்டிருந்தது. காட்டுநாயக்கர், மலைக்குறவர் எல்லாம் இன்னும் அந்தப் பட்டியலுக்கு வெளியேதான். நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்ப்பது இங்கே 2023 ஜனவரியில்தான் சட்டமானது. பட்டியல்களைத் திருத்துவதற்காக அமைத்த லோகூர் குழு 1965-லேயே அதைப் பரிந்துரைத்தது. நடுவில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளைகளோடு போட்டி போட்டுத் தோற்றுப் போனார்கள். அதுவும் வீட்டில் அவர்கள் மொழியான வாக்ரிபோலி பேசிவிட்டு, ஒன்றாம் வகுப்பில் முதல் முறையாகத் தமிழை முழுநேரமும் கேட்கிற பிள்ளைகள்.

புள்ளிவிவரம் இருந்தால் எழுது என்றாய். எழுதுகிறேன், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதே. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 சதவீதம். பழங்குடியினருக்கு 54.3. பெண்களை மட்டும் எடுத்தால் 46.8. பத்து வருஷத்துக்கு முன் 2001-ல் மொத்தமே 41.5-தான், ஆகவே ஏறியிருக்கிறது. நாடு முழுவதற்குமான பழங்குடி எழுத்தறிவு 59. அதாவது படிப்பில் முன்னே நிற்கிற நம் மாநிலம், பழங்குடிப் பிள்ளைகள் என்று வந்தால் நாட்டின் சராசரிக்கும் கீழே. உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 47 என்று நாம் பெருமை பேசுகிறபோதெல்லாம் எனக்கு இந்த 54.3 ஞாபகம் வந்துவிடுகிறது.

அந்தக் கணக்கில் வராத ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் இருந்து பார்த்தவன் நான். எட்டாவது வரை யாரையும் நிறுத்தக் கூடாது, அதனால் பேர் ரிஜிஸ்தரில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் பொங்கலோடு போய்விடும். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ அப்பா அம்மா முன்பணம் வாங்கியிருப்பார்கள், குடும்பத்தோடு போவார்கள், ஆடி வாக்கில் திரும்புவார்கள். முழுஆண்டுப் பரீட்சை நடக்கிற மாதங்களில் பிள்ளை சூளையில் கல் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும். மலையில் இருக்கிற மலையாளி என்ற பழங்குடியின் பிள்ளைகளுக்காவது, கல்வராயனிலும் ஜவ்வாதிலும், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அப்பா அம்மா எங்கே போனாலும் பிள்ளை பள்ளியில் தங்கிக்கொள்ளலாம். ஜவ்வாது மலைப் பக்கத்து ஸ்ரீபதி சிவில் நீதிபதித் தேர்வில் ஜெயித்ததை 2024-ல் பேப்பரில் படித்தபோது நான் எவ்வளவு பூரித்துப்போனேன் தெரியுமா? சமவெளியில் ஏரிக்கரையிலும் வாய்க்கால் மேட்டிலும் சிதறிக் கிடக்கிற இருளர் பிள்ளைகளுக்கு அப்படித் தங்கிப் படிக்க வசதி ரொம்பக் குறைவு.

தப்பித் தவறி மேலே வருகிறவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று பார்த்தால் மனசு இன்னும் கனக்கிறது. என் சர்வீஸில் பத்தாவது தாண்டிய இருளர் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பையன்களில் இரண்டு பேர் ஐ.டி.ஐ. போனார்கள். மற்ற எல்லாருமே ஆர்ட்ஸ் குரூப், அப்புறம் பி.ஏ. வரலாறு, இல்லை பி.ஏ. தமிழ். அந்தப் படிப்புகளை நான் மட்டமாகச் சொல்லவில்லை; வரலாறு படிக்கணும் என்று ஆசைப்பட்டுப் படித்தால் அது வேறு. இவர்கள் யாரும் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. "இவங்களுக்கு மேக்ஸ் வராது, சயின்ஸ் கஷ்டம், பாஸாவது ஆகட்டும்" என்று ஸ்டாஃப் ரூமில் நாங்கள் முடிவெடுத்தோம். நானும் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தேன், நண்பா. நல்லெண்ணத்தில்தான் சொன்னோம். ஒரு பையன், இப்போது கொத்தனார் வேலை செய்கிறான், போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "சார், நான் பயாலஜி கேட்டேன், நீங்க ஆர்ட்ஸ்ல போட்டீங்க" என்றான். கோபமே இல்லாமல், பழைய சேதி ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னான். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. என் அலைச்சலுக்கு அதைவிட வேறு காரணம் வேண்டாம்.

என்ன ஆகணும் என்று அந்தக் குடியிருப்புச் சிறுசுகளைக் கேட்டால் போலீஸ், நர்ஸ், டீச்சர் என்பார்கள். வேறு யார் அவர்கள் தெருவுக்குள் வந்திருக்கிறார்கள்? அதில் போலீஸ்தான் அதிகம் வந்தது. நம் மாவட்டத்தில் முதனை ராஜாக்கண்ணு 1993-ல் போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்டது உனக்கு மறந்திருக்காது. அவர் குறவர். ஆனால் அந்தப் பயம் இங்கே எல்லா ஏழைக் குடிசைக்கும் பொது. அதே 1993-ல் அத்தியூர் விஜயா என்ற இருளர் பெண்ணுக்கு நடந்த பாலியல் கொடுமைக்குப் பிறகுதான் திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணி இருளர்களுக்காக இறங்கினார், பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் வந்தது. இந்தப் பக்கம் எத்தனையோ பிள்ளைகள் கையில் சான்றிதழ் இருக்கிறதென்றால் அந்த மாதிரி ஆட்கள் நடந்த நடைதான் காரணம்.

இன்னொன்றும் சொல்லணும். வடநெம்மேலியில் 1978-லிருந்து இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது. அங்கே எடுக்கிற நஞ்சில்தான் நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பங்கு தயாராகிறது. வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கைநாட்டு என்று நாம் ஒதுக்கிய சனத்தின் அறிவு அது. அந்த நஞ்சை ஆராய்கிற லேபில் அவர்கள் வீட்டுப் பிள்ளை வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கிற நாளைப் பார்க்கணும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

சரி, அந்தப் பொண்ணு கதைக்கு வருகிறேன். கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கியும் சான்றிதழ் வரவில்லை. சான்றிதழ் எண் இல்லாமல் போட்டால் பொதுப் பிரிவில்தான் போகும். எஸ்.டி.க்கு இருப்பதே ஒரு சதவீதம், அதுவும் ஆள் இல்லை என்று நிரம்பாமல் போகிறது. ஆள் இங்கே காகிதத்துக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது. அவளுக்குப் பெரியம்மா மகள் ஒருத்தி விழுப்புரம் பக்கம் இருக்கிறாள், அவளுக்குப் பத்து வருஷத்துக்கு முன்பே சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள் என்று ஆயா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். மறுநாளே பஸ் ஏறிப் போய் நகல் வாங்கி வந்தேன். உறவுமுறையை எழுதி, இரண்டு பேரின் ரேஷன் கார்டையும் சேர்த்து மனு கொடுத்தோம். இந்த முறை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்ட அதிகாரி நல்ல மனுஷர். நாலாவது நாள் சான்றிதழ் கைக்கு வந்தது. அந்தப் பொண்ணு அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மழையில் நனையாத இடம் என்று யோசித்து, கடைசியில் என் வீட்டு பீரோவிலேயே வைக்கச் சொல்லிவிட்டாள்.

போன வியாழன் கலந்தாய்வு. நாம் படித்த அதே தேவனாம்பட்டினம் கல்லூரி. வரலாற்றில் இடம் இருக்கு, எடுத்துக்கறியாம்மா என்று முதலில் கேட்டார்கள். அவள் அப்பாவைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் "விலங்கியல் சார்" என்றாள். கிடைத்துவிட்டது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும். கிள்ளையிலிருந்து தினம் வந்து போக முடியாது என்பதால் விடுதிக்கு மனு போட்டிருக்கிறோம். அதற்காக இந்த வாரம் இன்னும் இரண்டு நடை இருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம், இறாலுக்கு மொத்தம் எத்தனை ஜோடி உறுப்பு என்று நாம் பிராக்டிகலில் பிரித்துப் பிரித்து அட்டையில் ஒட்டிய கதையைச் சொன்னேன். 19 ஜோடி. மூன்றாவதற்கு மேல் எனக்கு வரிசை மறந்துவிட்டது. அவள் விரலை மடக்கி, மீசையிலிருந்து வால் துடுப்பு வரை அவர்கள் பாஷையில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். வாய்ப் பக்கத்துச் சின்னச் சின்ன உறுப்புகளில் மட்டும் தடுமாறினாள். "அதை நாங்க கிள்ளிப் போட்ருவோம் சார், எண்ணினதில்ல" என்றாள்.

ஆகவேதான் உன் அலமாரியைப் பற்றிக் கேட்டேன். வகுப்பிலேயே நன்றாகப் படம் வரைந்தவன் நீ. அந்த ரெக்கார்டு நோட்டில் இறால் உறுப்புகளை இரண்டு பக்கத்துக்கு மையில் வரைந்து பேர் எழுதியிருப்பாய், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. புயல் தண்ணீரில் அது தப்பியிருந்தால் கொரியரில் போடாதே, நீயே எடுத்துக்கொண்டு வா. நனைந்து மை கரைந்திருந்தாலும் பரவாயில்லை, அவளை எதிரில் உட்கார வைத்து நீயே மறுபடி வரைந்து கொடு. ஜூலை முதல் வாரத்துக்குள் வந்தால் நல்லது, வகுப்பு தொடங்கிவிடும்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய லேப் மேஜைத் தோழன்