போலிப் பட்டம் வாங்கித் தரச் சொன்ன மகனுக்கு

அன்புள்ள முருகேசனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பி.இ. சான்றிதழ் மாதிரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றே முக்கால் லட்சம் கொடுத்தால் 2014 தேதி போட்டு, அட்டெஸ்டேஷன் என்கிற அரசு முத்திரைகளையும் வாங்கிக் கையில் தருவதாக ஏஜென்ட் சொன்னதையும் படித்தேன். நான் பணம் அனுப்பப் போவதில்லை தம்பி. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ திட்டு.

உன் ஆற்றாமை நியாயம்தான். டிப்ளமோ முடித்துவிட்டு இத்தனை வருஷம் வெயிலில் நின்று வேலை கற்றவனுக்கு சூப்பர்வைசர் பதவி, நேற்று வந்த பையனுக்கு இன்ஜினியர் பதவி. யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் அந்தத் தாளை நீயே ஒரு தரம் படி. 2010 முதல் 2014 வரை முழுநேரமாகக் கல்லூரிக்குப் போனதாக எழுதியிருக்கிறது. அந்த நாலு வருஷமும் உன் பாஸ்போர்ட்டில் குவைத் விசாதான் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க நிபுணர் எதற்கு?

நான் ஓய்வு பெறும்வரை பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் என்ன செய்தேன் என்று நீ கேட்டதே இல்லை. கம்பெனிகளும் அரசு அலுவலகங்களும் சான்றிதழ் ஜெராக்ஸை அனுப்பி உண்மைத்தன்மை கேட்பார்கள். நாங்கள் பதிவேட்டை எடுத்து, பதிவு எண்ணுக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்போம். அந்த எண்ணில் வேறொரு பெண்ணின் பெயர் இருக்கும். அல்லது, தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி அந்தப் பதவிக்கே வராத வருஷத்தில் அவர் கையெழுத்து இருக்கும். எனக்கு மறக்காத ஒன்று, மதிப்பெண் பட்டியலில் இருந்த ஒரு பாடம். அந்தப் பையன் படித்து முடித்ததாகச் சொன்ன வருஷத்துக்குப் பிறகுதான் அது பாடத்திட்டத்திலேயே சேர்ந்தது. தாளும் முத்திரையும் அச்சு அசலாக இருந்தன. 'இப்படி ஒருவர் எங்களிடம் படிக்கவில்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்பினோம். அவ்வளவுதான். அந்த ஒரு வரி அவன் வேலையில் சேர்ந்து எத்தனையோ வருஷம் கழித்துப் போனது. சேரும்போது பார்க்கவில்லை என்றால் தப்பித்துவிட்டோம் என்று அர்த்தமில்லை.

உன் ஏஜென்ட் அட்டெஸ்டேஷன் சேர்த்து என்கிறானே, அதுதான் எனக்கு இன்னும் பயம். மாநில அரசு, டெல்லியில் வெளியுறவுத் துறை, அப்புறம் தூதரகம் என்று வரிசையாகப் போகிற வேலை அது. பட்டமே பொய் என்றால் முத்திரைகளும் பெரும்பாலும் அவன் மேஜையிலேயே குத்தியவையாக இருக்கும். குவைத்தில் 2018-லிருந்தே இன்ஜினியர் சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் இன்ஜினியர் விசா புதுப்பிப்பதில்லையே. ஒழுங்காகப் படித்த நம் பிள்ளைகளே, கல்லூரிக்கு என்பிஏ என்கிற தேசிய வாரியத்தின் அங்கீகாரம் இல்லை என்று அப்போது திண்டாடினார்கள். அந்த வாசலில் நீ இந்தத் தாளை நீட்டப் போகிறாயா?

கராச்சியில் ஆக்ஸாக்ட் என்று ஒரு கம்பெனி இருந்தது. இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் உலகம் முழுக்கப் பட்டம் விற்றது 2015-இல் அம்பலமானது. வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களும் வாங்கியிருந்தார்கள். விற்றதோடு விட்டார்களா? அமெரிக்க அதிகாரி பேசுவதுபோல வாங்கியவனுக்கே போன் போட்டு, இன்னொரு சான்றிதழ் வாங்கு என்று மிரட்டிப் பணம் கறந்தார்கள். வாங்கியவன் யாரிடம் போய்ப் புகார் சொல்வான்? உன் ஏஜென்டுக்கும் அது தெரியும்.

சட்டமும் உன் பக்கம் இல்லை. போலிப் பல்கலைக்கழகம் நடத்தினால் 1956-ஆம் வருஷத்து யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தில் இருப்பது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். எனக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் பொய் என்று தெரிந்தே ஒரு ஆவணத்தைக் காட்டியவனுக்கு, அதைத் தயாரித்தவனுக்கு உள்ள அதே தண்டனை. யுஜிசி வெளியிடும் போலிப் பட்டியலில் ஒரு காலத்தில் நம்ம திருச்சி புத்தூர் முகவரியில்கூட ஒரு சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் இருந்தது. பெயரைக் கேட்டால் யார் சந்தேகப்படுவார்கள்?

தபாலில் பி.இ. படிக்கலாம் என்று வேறு யாராவது சொன்னாலும் நம்பாதே. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அப்படிக் கொடுத்த பட்டங்கள் செல்லாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நிஜமாகவே பணம் கட்டிப் பரீட்சை எழுதியவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள், பாவம்.

அந்த ஒன்றே முக்கால் லட்சத்தில் கொஞ்சத்தை வேறு வழியில் செலவழிக்க நான் தயார். வெல்டிங் இன்ஸ்பெக்டருக்கான சிஸ்விப் சான்றிதழ், இல்லையென்றால் வேலையிடப் பாதுகாப்புக்கான நெபோஷ் சான்றிதழ். இரண்டுக்கும் டிகிரி கேட்பதில்லை, உன் அனுபவத்துக்கும் மதிப்பு உண்டு. அடுத்த லீவில் வரும்போது சென்னையில் ஒன்றை முடிக்கலாம். எது உன் கம்பெனியில் செல்லும் என்று உன் மேனேஜரிடமே கேள். இன்ஜினியர் என்ற பெயர் அதனால் வராது, ஒத்துக்கொள்கிறேன். சம்பளம் ஏறும்.

அம்மாவிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை, நீயும் போனில் உளறாதே. ஒன்று மட்டும் உடனே எழுது: அந்த ஏஜென்டுக்குப் பாஸ்போர்ட் நகலோ முன்பணமோ ஏற்கெனவே கொடுத்துவிட்டாயா?

அன்புடன்,
அப்பா