சார்ஜர் குறிப்பு பத்தி உங்களோட ஒரு சின்ன தகராறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல போன் சார்ஜர் கெட்டுப்போனா புதுசு எப்படி வாங்கறதுன்னு ஒரு பெட்டிச்செய்தி போட்டிருந்தீங்க. அதுல பழைய சார்ஜர்ல எத்தனை ஆம்ப் இருக்கோ அதே ஆம்ப்ல தான் புதுசும் வாங்கணும், கூட இருந்தா பேட்டரி ஊதிடும்னு இருந்துச்சு. படிச்சதும் சிரிப்பும் வந்துச்சு எரிச்சலும் வந்துச்சு, ஏன்னா இதே பயத்துல தான் நானும் ஒரு நல்ல 3 ஆம்ப் அடாப்டர டிராயர்ல போட்டு வெச்சிட்டு ஒரு வருஷமா 1 ஆம்ப் அடாப்டர்ல ராத்திரி பூரா சார்ஜ் போட்டுட்டு கெடந்தேன்.

ஆம்ப்ங்கறது, அதாவது ஓடற கரண்ட்டோட அளவு, சார்ஜர் திணிக்கற விஷயம் இல்ல சார், போன் இழுத்துக்கற விஷயம். அடாப்டர்ல 5 வோல்ட் 3 ஆம்ப்னு போட்டிருந்தா 3 ஆம்ப் வரைக்கும் என்னால குடுக்க முடியும்னு அர்த்தம், 1 ஆம்ப் போதும்ங்கற போன் 1 ஆம்ப் தான் எடுத்துக்கும். பேட்டரிக்கு எவ்ளோ போகணும்னு முடிவு பண்ற சர்க்யூட் போனுக்குள்ள தான் இருக்கு, செவுத்துல மாட்டறது வெறும் அடாப்டர், நாம பழக்கத்துல அத சார்ஜர்னு சொல்றோம் அவ்ளோ தான். தொட்டி பெருசா இருக்குன்னு சொம்பு உடைஞ்சிடுமா? ஆம்ப் கம்மியா இருந்தா தான் தொந்தரவு, மெதுவா ஏறும், மட்டமான அடாப்டரா இருந்தா முழு லோடுலயே ஓடி ஓடி கை வெக்க முடியாத அளவுக்கு சுடும்.

வோல்ட், அதாவது கரண்ட்ட தள்ளற அழுத்தம், அது வேற கதை. பட்டன் போன் காலத்துல கம்பெனிக்கு ஒரு பின், தடிச்ச பின் மெல்லிசு பின்னு, அந்த காலத்துல வோல்ட் மாறின சார்ஜர மாட்டினா நிஜமாவே போன் போயிடலாம், அந்த பயம் தான் இன்னும் வால் மாதிரி ஒட்டிட்டு வருது. இப்ப யூஎஸ்பில ஒழுங்கா செஞ்ச எந்த அடாப்டரும் ஆரம்பத்துல 5 வோல்ட் தான் விடும், 9, 15, 20னு மேல போகணும்னா போனும் அடாப்டரும் ஒயர் வழியா பேசி ஒத்துக்கிட்டா தான் போகும். அதனால தான் லேப்டாப்போட 65 வாட் (வோல்ட்ட ஆம்ப்பால பெருக்கினா வர்றது தான் வாட்) டைப் சி அடாப்டர போன்ல சொருகினாலும் ஒண்ணும் ஆகறதில்ல.

ஆனா அந்த பேச்சு வார்த்தைல தான் நான் மாட்டுனேன், உங்க குறிப்புல அத பத்தி ஒரு வரி கூட இல்ல. என் போனோட வந்த 33 வாட் சார்ஜர் செத்துப்போச்சு. பெருசா வாங்கினா வேகமா ஏறும்னு 65 வாட் அடாப்டர் ஒண்ணு வாங்கி மாட்டுனேன், ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் கூட ஆகி நிறையற போன் இரண்டே முக்கால் மணி நேரம் எடுத்துச்சு. டூப்ளிகேட் போலன்னு கடைக்காரர மனசுக்குள்ள திட்டிட்டு, வேற போன் கேமராவ ஜூம் பண்ணி (கண்ணாடி போட்டும் எனக்கு அந்த பொடி எழுத்து தெரியல) ரெண்டு அடாப்டர் முதுகையும் படிச்சேன். பழசுல அவுட்புட்னு போட்டு 5 வோல்ட் 3 ஆம்ப், 9 வோல்ட் 3 ஆம்ப், 11 வோல்ட் 3 ஆம்ப்னு இருந்துச்சு, பதினொண்ண மூணால பெருக்கினா 33 வாட், சரி. புதுசுல 5, 9, 15, கடைசியா 20 வோல்ட் 3.25 ஆம்ப். அதாவது அந்த 65 வாட்டுங்கறது 20 வோல்ட் கேக்கற லேப்டாப்புக்கு, என் போனுக்கு இல்ல. அதுக்கு மேல புது அடாப்டர் பேசறது பிடி, அதான் பவர் டெலிவரி, பல கம்பெனிக்கும் பொதுவான ஃபாஸ்ட் சார்ஜிங் முறை, என் போனுக்கு அந்த பாஷையே தெரியாது, அது அதோட கம்பெனி பாஷை மட்டும் பேசற போன். ரெண்டும் ஒத்துப்போகலன்னா சண்டை எல்லாம் வராது, சாதாரண 5 வோல்ட்டுக்கு இறங்கிடும். போன் பத்திரமா தான் இருக்கும், நமக்கு தான் பொறுமை போகும்.

பாஷைனு சொன்னேன் இல்லையா, அது நாலஞ்சு இருக்கு. ஐபோனுக்கு பிடி போதும். சாம்சங்ல சூப்பர் ஃபாஸ்ட் வரணும்னா பிடியோட பிபிஎஸ்ஸும் வேணும், வோல்ட்ட பொடிப்பொடியா ஏத்தி இறக்கற சங்கதி அது, பெட்டில பிபிஎஸ்னு இல்லாத பிடி அடாப்டர வாங்கினா வேகம் கொறைஞ்சு தான் ஏறும். குவால்காம் சிப் போட்ட பழைய போன்கள் பலதுக்கு குயிக் சார்ஜ். ஓப்போ கும்பலோட வூக் தனி ரகம், முதல்ல வந்தது வோல்ட்ட ஏத்தாம ஆம்ப்ப ஏத்தும், 5 வோல்ட்லயே 4 ஆம்ப் வாக்குல, அதுக்குன்னு தடிச்ச கேபிளும் அவங்களோடதே வேணும். ஆக கடைல போய் எத்தனை வாட்னு கேக்கறத விட போன் மாடல் பேர போட்டு அது எந்த ஃபாஸ்ட் சார்ஜிங் ஏத்துக்கும்னு பாத்துட்டு போறது தான் உருப்படியான வேலை. ரெண்டு ஓட்டை இருக்கற அடாப்டர்னா இன்னொன்னு, பெட்டில போட்ட வாட் ரெண்டுக்கும் சேத்து தான் பல நேரம், ரெண்டையும் ஒரே நேரத்துல சொருகினா பங்கு போட்டுக்கும்.

கேபிள யாரும் கண்டுக்கறதே இல்ல. ரெண்டு முனையும் டைப் சியா இருக்கற சாதாரண சி டு சி கேபிள் 3 ஆம்ப் வரைக்கும் தான், 5 ஆம்ப் போகணும்னா கேபிள் தலைக்குள்ள ஒரு சின்ன சிப் இருக்கணும், அது இல்லாத கேபிள்ல அடாப்டர் 5 ஆம்ப் குடுக்காது. அடாப்டர் கெட்டுடுச்சுன்னு தூக்கிப் போடறதுக்கு முன்னாடி வேற கேபிள் மாத்திப் பாருங்கனு எழுதியிருந்தாலே பாதி பேருக்கு காசு மிச்சம்.

2020ல ஐபோன் 12 வந்தப்ப ஆப்பிள் பெட்டிலேர்ந்து அடாப்டர எடுத்துச்சு, அடுத்த வருஷமே சாம்சங் எஸ்21லயும் இல்ல, அதனால இப்ப எல்லாரும் தனியா தான் வாங்கறோம். 2024 டிசம்பர்லேர்ந்து ஐரோப்பிய யூனியன்ல விக்கற புது போன் எல்லாம் டைப் சி, வேகமா சார்ஜ் ஆகற போன்னா பிடியும் தெரிஞ்சிருக்கணும்னு சட்டம். நல்லது தான். பழைய போன் வெச்சிருக்கற என்ன மாதிரி ஆளுக்கு தான் ஓட்டை ஒண்ணு பாஷை வேறங்கற கூத்து.

உங்க குறிப்புல பேட்டரி வெடிக்கும்னு பயமுறுத்த வேண்டிய இடம் ஒண்ணு இருந்துச்சு, அத விட்டுட்டீங்க. பேரே இல்லாத மட்டமான அடாப்டர். எங்கம்மா ஒரு நாள் போன்ல பேய் புகுந்துடுச்சுன்னு கூப்பிட்டாங்க, போய் பாத்தா சார்ஜ்ல இருக்கற போன் தானா ஆப்ப திறக்குது, தானா எழுத்து விழுது, யாருக்கோ பாதி கால் வேற போயிருக்கு. ஒயர புடுங்கினதும் பேய் போயிடுச்சு. கையில எடுத்தா தீப்பெட்டி மாதிரி கனமே இல்லாத அடாப்டர், உள்ள கரண்ட்ட வடிகட்டற ஃபில்டர்ல காசு மிச்சம் புடிச்சிருப்பாங்க, அந்த இரைச்சல் கரண்ட்ல டச் ஸ்கிரீன் விரல் பட்டதா நெனச்சுக்குது. ஃபில்டர்லயே கை வெச்சவங்க மெயின் கரண்ட்டுக்கும் போனுக்கும் நடுவுல இருக்கற இன்சுலேஷன்ல கை வெக்காமயா இருப்பாங்க, பயம் வேண்டியது அங்க தான் சார்.

அடுத்த இதழ்ல திருத்தம் போடுவீங்கன்னா ஒரு அடாப்டர் முதுகு போட்டோவ நல்லா பெருசா போட்டு அவுட்புட் வரிய மட்டும் வட்டம் போட்டு காட்டுங்க. எங்கம்மா உங்க பத்திரிகைய தான் படிப்பாங்க, நான் சொன்னா கேக்க மாட்டாங்க.

இப்படிக்கு,
பல வருஷ வாசகர்