ஒற்றைக் காதில் பிங்க் ஃப்ளாயிட்

அன்புள்ள முரளி,

இங்கு எல்லோரும் நலம். கலாவுக்கு முழங்கால் வலி தேவலாமா? பெரியவனுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டதா? நீ கொடுத்தனுப்பிய பணம் நெட்டையிடம் சேர்ந்துவிட்டது. அவன் வழக்கம்போல எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டான்.

என் வலது காது விஷயத்தை நானே உனக்குச் சொல்வதற்குள் அவன் முந்திக்கொண்டான். மறுநாளே உன் செய்தி வந்தது. “கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. இனி உன்னால் ஃப்ளாயிட் கேட்க முடியாதே” என்று எழுதியிருந்தாய். நம் பிங்க் ஃப்ளாயிட்டை, அந்த இங்கிலாந்து ராக் குழுவை, நான் இனிக் கேட்க முடியாது என்ற அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசலாம்தான், ஆனால் நீ நடுவில் புகுந்து உன் ‘கம்ஃபர்டப்ளி நம்’ பாட்டை ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்தபோது குளத்தில் முங்கி எழுந்த மாதிரி காது அடைத்திருந்தது. மாலைக்குள் உள்ளே மெல்லிய ரீங்காரம் தொடங்கிவிட்டது. அன்றே டாக்டரிடம் போனேன். அவர் இசைக்கவையை மணிக்கட்டு எலும்பில் தட்டி, அதன் அடியை என் நெற்றி நடுவில் வைத்து, “ஒலி எந்தப் பக்கம் கேட்கிறது?” என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். இன்னொரு முறை தட்டி வைத்தார். மறுபடியும் இடதுதான். அழுக்கோ சளியோ அடைத்திருந்தால் அடைத்த காதில்தான் பலமாகக் கேட்குமாம். நல்ல காதுக்கு ஒலி போனால் கோளாறு உள்காதிலோ நரம்பிலோ இருக்கிறது என்று அர்த்தமாம். மாத்திரை, பிறகு செவிப்பறை வழியாக ஊசி, எல்லாம் ஆயிற்று. காது திரும்பவில்லை. ஏன் இப்படி ஆகிறது என்று பெரும்பாலோருக்குக் காரணமே பிடிபடுவதில்லையாம்.

சத்தம் குறைந்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் முரளி. திசை போய்விட்டது. பின்னால் வரும் ஸ்கூட்டர் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியவில்லை. வீட்டுக்குள் போன் அடித்தால் எந்த அறையில் அடிக்கிறது என்று ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்க்கிறேன். மிச்சமிருக்கும் காதும் ஒரு காலையில் இப்படியே போய்விட்டால் என்ன செய்வது என்று நடு இரவில் விழித்துக்கொண்டு, விரல்களை இடது காதோரம் தேய்த்துப் பார்க்கிறேன். இதை வீட்டில் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

இனி ஃப்ளாயிட்.

உன் வாதம் எனக்குத் தெரியும். இவர்கள் பாட்டை அமைத்ததே ஒலியைச் சுழல விடுவதற்குத்தான் என்பாய். உண்மைதான். 1967 மே மாதம் லண்டன் குவீன் எலிசபெத் ஹாலில், அரங்கைச் சுற்றி ஸ்பீக்கர்களை வைத்து, குழுவில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் ஒரு குச்சியைத் திருகத் திருக ஒலி கூட்டத்தின் தலைக்கு மேல் சுற்றி வந்ததாம். அந்தப் பெட்டிக்கு ‘அஸிமத் கோஆர்டினேட்டர்’ என்று பெயர். ‘டைம்’ பாட்டின் தொடக்கத்தில் அலறும் கடிகாரங்களை ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்ஸன்ஸ் ஒரு பழைய கடிகாரக் கடையில் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருந்தார். நான்கு ஸ்பீக்கர் ஒலியைச் செய்து காட்டத்தான் அவற்றைச் சேகரித்தார். இதெல்லாம் இனி எனக்கு இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நாம் இந்தப் பாட்டுகளை முதலில் எதில் கேட்டோம்? விடுதியில் ஜெனரல் வைத்திருந்த, ஒரே ஸ்பீக்கர் கொண்ட டேப் ரெக்கார்டரில். இடமாவது வலமாவது! எல்லாம் ஒரே வட்டத் தகடு வழியாகத்தான் வந்தன. அதுவும் பதிவுக் கடைக்காரர் தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு ஆல்பத்தை அந்தப் பக்கமும் இன்னொன்றை இந்தப் பக்கமும் அடைத்துக் கொடுத்தது. ‘எக்கோஸ்’ முடியும் முன் டேப் தீர்ந்துவிடும். அப்படிக் கேட்டுத்தான் இரவெல்லாம் சண்டை போட்டோம், வார்டன் கதவைத் தட்டும் வரை. காலடி ஓசை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு ஓடுகிறது என்பதே, முதல் சம்பளத்தில் ஹெட்போன் வாங்கிய பிறகுதான் நமக்குத் தெரியும்.

என் போனில் இரண்டு தடத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் தரும் ஒரு வசதி இருக்கிறது. மகள்தான் காட்டிக்கொடுத்தாள். அதை வைத்து, மூத்தது முதல் கடைசி வரை எல்லா ஆல்பத்தையும் இடது காதில் மட்டும் கேட்டு முடித்தேன். அகலமாக விரித்து வைத்த சில ஒலிகள் ஒன்றாகச் சேரும்போது மெலிந்துவிடுகின்றன, உண்மை. ஆனால் சில பாட்டுகள் இதற்கு முன்பு எனக்கு இவ்வளவு நெருக்கமாக வந்ததே இல்லை. அதனால் நம் பழைய வரிசையைக் கலைத்துப் புதிதாகப் போட்டிருக்கிறேன்.

வெளியே போனது ‘ஆன் தி ரன்’. அது முழுக்க ஓட்டம்தான், ஓட இடமில்லாமல் ஒரே புள்ளியில் நின்று உறுமுகிறது. ‘மணி’ பிழைத்துவிட்டது, ஆனால் பட்டியலின் வாசலில்தான் நிற்கிறது. காசு குலுங்கும் சத்தம், காகிதம் கிழியும் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம் என்று டேப் துண்டுகளை அளந்து வெட்டி ஒட்டி ஏழு தட்டாக ஆக்கினார்களே, அந்த ஏழை எண்ணுவதற்கு ஒரு காது போதும். கிட்டார் வரும்போது தாளம் நான்குக்கு மாறுகிறதே, அந்த இடத்தில் இன்னும் தொடையில் தாளம் போடுகிறேன்.

ஏழாவது, உன் மூக்கைச் சுளிக்க வைக்கும் ‘டாக்ஸ்’. பதினேழு நிமிடம். நீ அந்தப் பக்கத்தைத் தாண்டுவதற்காக டேப்பை ஓடவிட்டுப் பட்டனை உடைத்தது எனக்கு மறக்கவில்லை, ஜெனரலுக்கும் மறக்கவில்லை. நடுவில் ஒரே சொல் திரும்பத் திரும்ப ஒலித்துத் தேய்ந்து, மனிதக் குரல் என்ற அடையாளமே போய் சிந்தசைஸருக்குள் கரைகிறதே, அந்த இடத்தை ஒருமுறையாவது முழுதாகக் கேள்.

ஆறாவது ‘கம்ஃபர்டப்ளி நம்’. கத்தாதே. அந்தக் கடைசி கிட்டார் தனிக்கு நான் எதிரி இல்லை. குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் ஐந்தாறு முறை வாசித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் எந்த இடம் நன்றாக வந்தது என்று குறித்து வைத்து, அவற்றைச் சேர்த்துக் கோத்தது அது. அத்தனை கவனம் இருந்தும் ஒரே மூச்சில் வாசித்த மாதிரி வருகிறதே, அதை வணங்குகிறேன். ஆனால் பின்னால் மைக்கேல் கேமன் எழுதிய வாத்தியக்குழு விரிந்து நிற்க வேண்டும். அந்த விரிவு எனக்கு இப்போது பாதிதான் கிடைக்கிறது.

ஐந்தாவது ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’. நான்கே சுரம், அதற்குமேல் என்ன சொல்ல. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான, பிறகு விலகிப்போன சிட் பாரெட்டை நினைத்து எழுதிய பாட்டு, 1975 ஜூன் மாதம் லண்டன் அபே ரோட் ஒலிப்பதிவுக் கூடத்தில் அதற்கான வேலை நடந்துகொண்டிருந்தபோது அவரே உள்ளே வந்து நின்றார். தலையும் புருவமும் மழித்து, உடல் பெருத்து, யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இதை நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய், ஒவ்வொரு முறையும் குரல் கம்மிவிடும் உனக்கு.

நான்காவது ‘விஷ் யூ வேர் ஹியர்’. முதலில் வரும் கிட்டாரை யாரோ வானொலியில் கேட்பது போலச் சன்னமாக்கி வைத்திருக்கிறார்கள். பிறகு அறைக்குள் உட்கார்ந்திருப்பவர் அந்த வானொலியோடு சேர்ந்து வாசிப்பது போல இன்னொரு கிட்டார் வருகிறது. ஒன்று தூரம், ஒன்று பக்கம். தூரத்தையும் பக்கத்தையும் அறிய இரண்டு காது தேவைப்படவில்லை முரளி. அந்த இடத்தில் இரண்டு கிட்டாரும் எனக்குத் தெளிவாகத் தள்ளித் தள்ளி நின்றன. போனை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது ‘அஸ் அண்ட் தெம்’. இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனி தன் படத்துக்கு வேண்டாம் என்று தள்ளிய பியானோ மெட்டு. ரைட் அதை வீணாக்காமல் எடுத்து வைத்திருந்தார். பிறகு குழுவில் பாஸ் கிட்டார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ் போரைப் பற்றி வரிகள் எழுதினார். தகப்பனை 1944-ல் இத்தாலியப் போர்முனையில் பறிகொடுத்தவர் வேறு எதைப் பற்றி எழுதுவார்? டிக் பாரியின் சாக்ஸபோன் வரும் இடத்தில் என் காதின் ரீங்காரம்கூட அடங்கிப்போனது போல இருக்கிறது.

இரண்டாவது ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’. கூலிக்குப் பாட வந்த பாடகி கிளேர் டோரி 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, வரிகளே இல்லாமல் பாடிவிட்டு, 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். தன் குரலைப் பயன்படுத்துவார்கள் என்றே அவர் நினைக்கவில்லை. முப்பது வருடம் கழித்து வழக்குப் போட்ட பிறகுதான் பாட்டின் ஆசிரியர் பெயரில் ரைட்டோடு அவர் பெயரும் சேர்ந்தது. பாட்டையே அந்தக் குரல்தானே ஆக்கியது, இதற்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததா? எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. மரணத்தைப் பற்றிய பாட்டு என்பதால் இந்த நாட்களில் தள்ளி வைப்பேன் என்று நினைத்திருந்தேன். அதைத்தான் அதிகம் கேட்கிறேன். உச்சத்தில் கதறிவிட்டுக் கடைசியில் சமாதானமாகி அடங்குகிறாரே, அந்த அடங்கலுக்காக.

முதலிடம் ‘எக்கோஸ்’. 1971-ல் வந்த ‘மெடில்’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதும். ரைட் பியானோவில் ஒரே ஒரு சுரத்தைத் தட்டுகிறார், அதைச் சுழலும் ஸ்பீக்கர் வழியாக அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சுரம் வந்ததும் தலைக்குள் இடம் வந்துவிடுகிறது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்ற கேள்வியே எழவில்லை. பிறகு கில்மோரும் ரைட்டும் சேர்ந்து பாடுகிறார்கள். ஹெட்போனில் கேட்ட காலத்தில் இது இவர், அது அவர் என்று பிரித்துப் பார்ப்பதே என் வேலையாக இருந்தது. இப்போது பிரிக்க முடியவில்லை. ஒரே தொண்டையிலிருந்து இரண்டு சுரம் வருகிறது. இவ்வளவு காலம் இந்தக் குழுவின் உயிர் கில்மோரின் விரலிலா வாட்டர்ஸின் பேனாவிலா என்று நீயும் நானும் அடித்துக்கொண்டோம். என் பட்டியலின் முதல் மூன்று பாட்டையும் பார். மூன்றிலும் கீழே படுத்திருப்பது ரைட்டின் விரல்கள்தான். ஒரு காது போன பிறகு அலங்காரமெல்லாம் உதிர்ந்து அவர் மட்டும் மேலே தெரிகிறார். 2008-ல் அவர் போன பிறகு கில்மோர் மேடையில் ‘எக்கோஸ்’ வாசிப்பதில்லை. அவர் இல்லாமல் வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். குழுவோடு முன்பு ஒருமுறை வாசித்த, இத்தாலியின் பாம்பேயி இடிபாடுகளுக்குள் 2016-ல் மறுபடி போய் நின்றபோதும் வாசிக்கவில்லை.

ஆகவே, என்னால் ஃப்ளாயிட் கேட்க முடியாது என்று நீ எழுதியதை நான் ஏற்கவில்லை. திருத்தி எழுது.

இன்னொன்று. நீ ஒரு காதை மூடிக்கொண்டு ‘எக்கோஸ்’ கேட்டுப் பார்க்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். பஞ்சு வைத்தால் போதாது, ஒலி கசியும். ஹெட்போனில் ஒரு பக்கத்தை மட்டும் போட்டுக்கொள், ஆனால் இரண்டு தடத்தையும் முதலில் ஒன்றாகச் சேர்த்துவிடு. இல்லையென்றால் பாதிப் பாட்டைத்தான் கேட்பாய், அதை வைத்து என்னோடு சண்டைக்கு வருவாய். கேட்டு முடித்ததும் உன் பட்டியலை அனுப்பு. ஜெனரலுக்கும் ஒரு பிரதி எடுத்து அனுப்பு, அவருக்கு இ-மெயில் ஆகாது. ‘டாக்ஸ்’ பத்துக்குள் இல்லாவிட்டால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், “நீளம்” என்பது காரணம் ஆகாது.

கலாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
சேது