ரெஃப்யூஸ் வேற, ரிஃப்யூஸ் வேற

ஏத்தா, நல்லாருக்கியா. பேஷண்ட் மாத்திரைய ரெஃப்யூஸ் பண்ணிட்டார்னு நீ சொல்ல அந்த இங்கிலீஷ்கார சிஸ்டர் முழிச்சாங்கன்னு சொன்னேல்ல, அத போன்ல வெளக்குனா உங்கம்மா நடுவுல பூந்து என்ன சாப்ட்டன்னு கேட்டுக்கிட்டு இருப்பா, அதான் எழுதுறேன்.

உன் இங்கிலீஷ்க்கு ஒரு கொறையும் இல்ல. அந்த வார்த்தைல முதல் அசைய அழுத்துனா அவுங்களுக்கு அது குப்பை. ரெண்டாவது அசைய அழுத்தி, கடைசி 'ஸ்'ஸ வண்டு கணக்கா அதிரவிட்டாத்தான் மறுக்குறது. நீ மாத்திரையவும் குப்பையவும் ஒன்னா சேத்துட்ட, முழிக்காம என்ன செய்வாங்க.

நம்ம காதுக்கு இது லேசுல பிடிபடாது, தமிழ்ல எங்கிட்டு அழுத்துனாலும் அர்த்தம் மாறாது, நீட்டுனாத்தான் மாறும், பல்லு பாலு, கல்லு காலு. குறிலுக்கு 1 மாத்திரை நெடிலுக்கு 2ன்னு தொல்காப்பியத்துலயே இருக்கு (நீ வார்டுல குடுக்குற மாத்திரை இல்ல). இங்கிலீஷ்காரன் ஒரு அசைய மட்டும் தூக்கி சத்தமா சொல்லிட்டு மத்தத அரகொறையா முழுங்கிருவான், நம்ம எல்லாத்தையும் முழுசா சொல்லுறோம், அதான் அவனுக்கு தடுமாறுது.

ரெக்கார்டு டான்ஸ்னு திருவிழா நோட்டீஸ்ல போடுவாங்கள்ல, அதே வார்த்த, நீ எழுதி வைக்கிற பேஷண்ட் ரெக்கார்டுன்னா முன்னாடி அழுத்தம். பதிவு பண்றதுன்னா ரிக்கார்டு, பின்னாடி அழுத்தம். பெரியார் பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் வச்சிருக்க பெர்மிட்டுக்கு முன்னாடி, அனுமதிக்கிறதுக்கு பின்னாடி. பொதுவா பேருன்னா முன்னாடி, வினைன்னா பின்னாடி. ஆனா கண்ண மூடிக்கிட்டு எல்லாத்துக்கும் போட்றாத, ரிப்போர்ட் எப்பவும் பின்னாடிதான், ஆன்ஸர் எப்பவும் முன்னாடிதான்.

இன்வலிட்ல மட்டும் ரொம்ப சூதானம். ரெண்டாவது அசைய அழுத்துனா செல்லாதுன்னு அர்த்தம், முன்னாடி அழுத்துனா முடியாம கெடக்குறவர்னு ஆயிரும், நோயாளி காதுல விழுந்தா மனசு நோகும்.

அவுங்கள மாதிரி இழுத்துப் பேசணும்னு ஒன்னும் இல்ல, மதுர வாடையோடயே பேசு, அழுத்தம் சரியா விழுந்தாப் போதும். நான் பாடம் எடுத்த காலத்துல பரீட்சைல ஸ்பெல்லிங்தான் கேப்பாங்க, இத யாரு கேட்டா. டிக்‌ஷனரில அழுத்துற அசைக்கு முன்னாடி மேல சின்னதா ஒரு கோடு போட்ருக்கும், புது வார்த்தன்னா மொதல்ல அதப் பாரு. ஞாயித்துக்கெழம டூட்டி இல்லன்னா கூப்புடு, நீ வார்டுல சொல்லுற வார்த்தைகள ஒன்னொன்னா சொல்லிப் பாப்போம்.