அதட்டுவது வேறு, விடாமல் கேட்பது வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தொலைக்காட்சி விவாதங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நெறியாளர்கள் விருந்தினரை அதட்டுவதும் பேச விடாமல் குறுக்கே பாய்வதும்தான் இன்றைய நோய் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். பாதிதான் சரி. நெறியாளரின் குரல் உயர்வதில் எனக்கு வருத்தமில்லை. எதைக் கேட்பதற்காக உயர்கிறது என்பதுதான் முக்கியம். டப்ளினில் அரசு மருத்துவமனைச் செவிலியராக வேலை பார்க்கும் நான், இங்கே இரவு 11 மணிக்கு மேல் பலரையும் தூங்கவிடாமல் வைத்திருந்த தொலைக்காட்சி நெறியாளர் வின்சென்ட் பிரௌனைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

2012 ஜனவரியில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அயர்லாந்து திவாலாகும் நிலைக்குப் போய், 2010 இறுதியில் 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தது. ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, சர்வதேச நிதியம் ஆகிய மூன்றின் அதிகாரிகளும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து கணக்குப் பார்ப்பார்கள். அப்படி வந்தபோது நடந்த செய்தியாளர் சந்திப்பு அது. ஐரோப்பிய மத்திய வங்கியின் சார்பில் வந்திருந்த கிளாவுஸ் மாசுக், டப்ளினில் டாக்சி ஓட்டுநர்கூட விவரமாகப் பேசுகிறார் என்று பாராட்டினார். பிரௌன் அதையே பிடித்துக்கொண்டார். ஆங்கிலோ ஐரிஷ் என்ற வங்கி செத்துப்போய்விட்டது. அதன் கடன்பத்திரங்களை வாங்கியவர்களுக்கு அரசின் உத்தரவாதமும் இல்லை. அவர்களுக்கு ஐரிஷ் மக்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? இதை அந்த டாக்சிக்காரர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று மாசுக்கிடம் கேட்டார்.

மாசுக் நிதித்துறை, நம்பிக்கை, கடினமான முடிவு என்று பொதுவாக ஏதோ சொன்னார். ‘இது பதில் இல்லையே’ என்று பிரௌன் மறுபடியும் கேட்டார். கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டதாக நினைக்கிறேன் என்றார் மாசுக். பிரௌன் விடவில்லை. அப்படியானால் உங்களிடம் பதிலே இல்லை, அப்படித்தானே என்றார். அதன் பிறகு வந்த அமைதியை அயர்லாந்தே பார்த்தது. சில நாட்களில், ஜனவரி 25ஆம் தேதி, அந்தக் கடன்பத்திரக்காரர்களுக்கு 125 கோடி யூரோ கொடுக்கப்பட்டது. 2009இல் ஓய்வூதியப் பிடித்தம், 2010இல் நேரடிச் சம்பளக் குறைப்பு, 2011இல் புது வரி என்று எங்கள் சம்பளச் சீட்டு மெலிந்துகொண்டே வந்த காலம் அது. எங்கள் வார்டில் எல்லோர் மனதிலும் இருந்த கேள்வியை ஒருவர் மூன்று முறை கேட்டார் என்பதே எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்த விடாக்கண்டன்தனம் கேமரா முன்னால் உட்கார்ந்த பிறகு வந்ததல்ல. லிமரிக் மாவட்டத்து பிராட்ஃபோர்ட் கிராமத்தில் 1944இல் பிறந்தவர். 1970களின் தொடக்கத்தில் வட அயர்லாந்துக் கலவரத்தை அங்கேயே இருந்து எழுதினார். 1977இல் ‘மகில்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். 1980இல் அந்த இதழ் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் நடந்த ஆயுதக் கடத்தல் வழக்கைப் பற்றி, நீதி அமைச்சகத்தின் தலைமை அதிகாரியாக இருந்த பீட்டர் பெர்ரியின் நாட்குறிப்புகளை வைத்துத் தொடராக வெளியிட்டது. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு விடுதலையான சார்ல்ஸ் ஹாஹிதான் அப்போது பிரதமர்! அப்புறம் ‘சண்டே ட்ரிப்யூன்’ ஞாயிறு இதழுக்கு 1983 முதல் 1994 வரை ஆசிரியர். இதற்கிடையே 1975 முதல் பல ஆண்டுகள் அரசாங்கமே அவருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்டது. அவர் வழக்குப் போட்டார். அரசு இழப்பீடு கொடுத்து முடித்துக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய வானொலிக் காலம். அரசு வானொலியில் 1996 முதல் 2007 வரை ‘டுநைட் வித் வின்சென்ட் பிரௌன்’ என்ற இரவு நிகழ்ச்சி நடத்தினார். அரசியல்வாதிகளின் லஞ்சத்தை விசாரித்த ஆணையங்கள் டப்ளின் கோட்டையில் கூடும். அங்கே ஒலிப்பதிவுக்கு இடமில்லை. அதனால் அன்றன்று நடந்த குறுக்கு விசாரணையின் எழுத்துப் பதிவை எடுத்து, ஜோ டெய்லர் போன்ற நடிகர்களை வைத்து அப்படியே வாசிக்க வைத்தார். சாட்சிகள் மழுப்பியது, ‘ஞாபகமில்லை’ என்று சொன்னது, எல்லாம் வீட்டுச் சமையலறை வரை வந்து சேர்ந்தது. பக்கம் பக்கமாக ஆவணம் படிக்கிற பழக்கம் உள்ளவருக்குத்தான் இப்படித் தோன்றும்.

2007இல் டிவி3 அலைவரிசையில் அதே பெயரில் நிகழ்ச்சி தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றுவார், தலையில் கை வைப்பார், மைக்கில் கேட்கும்படி பெருமூச்சு விடுவார். கடைசியில் மறுநாள் பத்திரிகைகளை மேசையில் விரித்து வாசிப்பார். 2016 தேர்தலுக்கு முன் தொகுதி தொகுதியாகப் போய் மக்கள் முன்னால் விவாதம் நடத்தினார்.

அவர் வரம்பு மீறியதும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த எண்டா கென்னியைப் பற்றி, துப்பாக்கியும் மதுப் புட்டியுமாக இருட்டறைக்குள் போகலாம் என்ற பொருளில் 2010இல் பேசிவிட்டார். தற்கொலையால் பல குடும்பங்கள் நொந்துபோயிருக்கும் நாட்டில் அது மிகவும் தவறான பேச்சு. மன்னிப்புக் கேட்டார். 2011 தேர்தலில் அவர் நடத்தும் விவாதத்துக்கு வரமாட்டேன் என்று கென்னி மறுத்துவிட்டார். நான் வேண்டுமானால் விலகிக்கொள்கிறேன் என்று பிரௌன் சொல்லியும் கென்னி வரவில்லை. மற்ற கட்சித் தலைவர்களான மீஹால் மார்ட்டினும் ஈமன் கில்மோரும் மட்டுமே கலந்துகொண்டார்கள். கென்னி பிரதமரும் ஆனார். ஆகவே, முரட்டுத்தனத்துக்கு விலை உண்டு என்று உங்கள் கட்டுரையாளர் சொல்வதை ஏற்கிறேன். அந்த விலையைக் கொடுத்தது பிரௌன் மட்டுமல்ல. பிரதமராகப் போகிறவரிடம் அந்த மேடையில் கேட்க வேண்டியதைக் கேட்க முடியாமல் போன நாங்களும்தான்.

ஆனால் மாசுக்கிடம் கேட்டபோது வசை ஒன்றும் இல்லை, ஆளைப் பற்றிய கிண்டலும் இல்லை. கேள்வி மட்டும் இருந்தது. கட்டுரையாளர் இந்த இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார் என்பதுதான் என் குறை. நெறியாளர்கள் பணிவாகப் பேச வேண்டும் என்று மட்டும் கேட்டால், மழுப்புகிறவர்களுக்கு அதைவிட வசதி வேறில்லை.

2017 ஜூலையில் பிரௌன் நிகழ்ச்சியிலிருந்து விடைபெற்றார். மாசுக்கிடம் அவர் கேள்வி கேட்ட அந்தச் செய்தியாளர் சந்திப்பின் காணொளி சில நிமிடங்கள்தான். கட்டுரையின் அடுத்த பகுதியை எழுதும் முன் கட்டுரையாளர் அதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டப்ளின், அயர்லாந்து