ஏழாவது டெஸ்ட்தான் தப்பு, என் புரோகிராம் கோடு இல்ல: ஃபீஸை திருப்பிக் குடுங்க

வணக்கம் சார் / மேடம்,

உங்க ஆன்லைன் ஜாவா கோர்ஸ், மூணு பக்க நீளம் குடுத்தா என்ன வகை முக்கோணம்னு சொல்ற புரோகிராம் எழுதுற அசைன்மென்ட், அந்த கோடை சரிபார்க்குற டெஸ்ட்டுகள்ல அதே ஏழாவது விஷயம்தான். இது நாலாவது மெயில். முன்னாடி மூணுக்கும் "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது"ன்னு ஒரே பதில், மெஷின் அனுப்புதா மனுஷன் அனுப்புறாரான்னே தெரியல.

மரியாதையாவே சொல்றேன். பக்கம் 1, 2, 3 குடுத்தா புரோகிராம் "ஸ்கேலின்"னு (மூணு பக்கமும் வேற வேற நீளமா இருக்குற முக்கோணம்) பதில் தரணுமாம் உங்க டெஸ்ட்டுக்கு. எந்த ரெண்டு பக்கத்தைக் கூட்டினாலும் மூணாவதை விட பெருசா வரணும் சார், இங்க 1+2 சரியா 3தான், மூணு குச்சியும் ஒரே நேர்கோட்டுல படுத்துக்கும், முக்கோணம் எங்கேர்ந்து வரும்? என் கோடு "முக்கோணம் இல்ல"ங்குது, அதுக்கு சிவப்பு. ஒண்ணு ஃபெயில்னா மொத்தமும் ஜீரோ.

ஆனா போன்ல பேசினாரே ஒருத்தர், அவரை சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். 40 நிமிஷம் மியூசிக் கேக்க வச்சுட்டு லைனுக்கு வந்து "பேசிக்கே தெரியாம எதுக்கு கோர்ஸ் வாங்குனீங்க"ன்னாரு. சரி சார், ஸ்கேலின்னா என்னன்னு நீங்க சொல்லுங்கன்னேன், கட் பண்ணிட்டாரு!! அதுக்கு முந்தின வாரம்தான் லீவ் போட்டு செங்கல்பட்டுலேர்ந்து ட்ரெயின் புடிச்சு கிண்டி ஆபீஸுக்கே வந்தேன், ஆன்லைன் கோர்ஸுக்கு ஆன்லைன்லதான் கம்ப்ளெயின்ட்னு வாசல்லயே செக்யூரிட்டி திருப்பி அனுப்பிட்டாரு, பாவம் அவரு என்ன பண்ணுவாரு.

இன்னொண்ணு, இதை எழுத மறந்துட்டேன். உங்க வீடியோல சார் எழுதுற கோடையே வரிக்கு வரி டைப் பண்ணி சப்மிட் பண்ணேன். பதினொன்னாவது டெஸ்ட்ல ஃபெயில் ஆச்சு! 1, 1, ரூட் 2, செங்கோண முக்கோணம். ரூட் 2ஐ ஸ்கொயர் பண்ணா ஜாவாவோட டபுள்ங்கிற தசம எண் வகைல 2.0000000000000004னு வருது, அதைப் போய் அச்சு அசலா சமமான்னு பாக்குற ==ஐப் போட்டு 2 கூட ஒப்பிட்டா எப்படி சார் பாஸாகும்? கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் ஓகேன்னு விடணும். நான் விட்டிருந்தேன், பாஸாச்சு. உங்க டெஸ்ட்டை உங்க ஆளு எழுதுன கோடே தாண்டல, எனக்கு பேசிக் தெரியாதாம்.

இந்த சர்ட்டிஃபிகேட் இல்லாம ஒரு இன்டர்வியூ போச்சு, என் வாழ்க்கையே போச்சுன்னுதான் சொல்லணும்.

ஒரு வாரம் டைம் தர்றேன். ஏழாவது டெஸ்ட்டை திருத்துங்க, அது எதிர்பார்க்குற பதில் வார்த்தை ஒண்ணைத்தான் மாத்தணும், இல்ல ஃபீஸ் 12,000 ரூபாயை திருப்பி அனுப்புங்க. ரெண்டும் இல்லன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டுட்டு நேரா நுகர்வோர் ஆணையம்தான், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பத்திரமா இருக்கு. தயவுசெஞ்சு பாருங்க சார். பதில்ல மட்டும் "பரிசீலனை"ங்கிற வார்த்தை வேணாம்.

இப்படிக்கு,
இன்னும் ஏழாவது டெஸ்ட்லயே நிக்கிற உங்க கஸ்டமர்